ஒத்தி வீடும் வாடகை வீடும்

 

தொழுகையில் ஒரு ரக்அத் மறந்துவிட்டால் ஆலிமிடம் ஓடி வருகிறோம். ஒளுவில் விரலிடுக்கு நனைந்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் கழுவிக் கொள்கிறோம். நல்ல பழக்கந்தான், அல்லாஹ் அதை நிலைக்கச் செய்வானாக! ஆனால் நாம் ஒளுச் செய்கிற அந்த வீட்டுக்குள் எந்த ஒப்பந்தத்தின்பேரில் குடியேறினோம், அந்த ஒப்பந்தம் ஹலாலா, ஹராமா என்று கேட்டு வருபவர்கள் மிகச் சிலரே. முஸல்லா விரிக்கும் தரைக்கும் மஸ்அலா உண்டு என்பது நினைவிலிருந்து நழுவிவிட்டது.

நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கொடுப்பதும் வீடு பிடிப்பதும் இரண்டு வகையாக நடக்கின்றன. ஒன்று, மாதாமாதம் வாடகை. மற்றொன்று, ஒத்தி. அரபு நாடுகளில் பல ஆண்டுகள் வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஊரில் இரண்டு சிறு வீடுகள் கட்டி, அதில் வரும் வருமானத்தில் மீதிக் காலத்தைக் கழிக்க நினைப்பவர்கள் இடலாக்குடியிலும் உண்டு, திருவிதாங்கோட்டிலும் உண்டு, தக்கலை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகிய ஊர்களிலும் உண்டு. வீடு கட்டும் அளவுக்குப் பணமில்லாதவர்கள் இருக்கிற சில இலட்சங்களை ஒத்தியில் போட்டு, வாடகையில்லாமல் குடியிருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். இந்த இரண்டு வழிகளையும் ஷரீஅத்தின் தராசில் நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒத்தி என்பது என்ன?

ஒத்தி நமக்குப் புதியதல்ல. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைவதற்கு முன், திருவிதாங்கூர் காலத்திலேயே நாஞ்சில் நாட்டு வயல்களும் தென்னந்தோப்புகளும் ஒத்தியிலும் பாட்டத்திலும் கைமாறி வந்தன. பத்திரத்தில் 'ஒற்றி' என்று எழுதுவார்கள், பேச்சில் 'ஒத்தி'. தமிழகத்தின் வேறு பகுதிகளில் இதனைப் போக்கியம் என்பர். மலையாளத்தில் பணயம் என்பர். பெயர் எதுவாயினும் காரியம் ஒன்றே.

வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையை வாங்கிக் கொள்கிறார். பணம் கொடுத்தவர் வீட்டில் குடியேறுகிறார். வாடகை கிடையாது. மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ தவணை முடிந்ததும் வீட்டுக்காரர் வாங்கிய தொகையைக் குறைவின்றித் திருப்பிக் கொடுக்கிறார். குடியிருந்தவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். "பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை" என்று இதனை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வரிக்குள்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

மார்க்கச் சட்டத்தின் மொழியில் சொன்னால், வீட்டுக்காரர் வாங்கிய தொகை கடன். வீடு அந்தக் கடனுக்கு வைக்கப்பட்ட அடகு, அதாவது 'ரஹ்ன்'. குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். அவர் அடகுப் பொருளை அனுபவிக்கிறார். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடன் கொடுத்தவர் அடகுப் பொருளைக் கூலி கொடுக்காமல் அனுபவிக்கலாமா?

அடகு ஆகுமானதே

அடகு வைப்பதும் வாங்குவதும் ஆகும் என்பதில் ஐயமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 283-வது வசனம், பிரயாணத்தில் எழுதுபவர் கிடைக்காத போது அடகுப் பொருளைக் கையில் பெற்றுக் கொள்வதற்கு வழி காட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு யூதரிடம் கடனுக்கு உணவுத் தானியம் வாங்கித் தம் இரும்புக் கவசத்தை அடகாகக் கொடுத்திருந்த செய்தியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததாக புகாரி ஷரீஃபில் காண்கிறோம். எனவே பிரயாணத்தில் மட்டுமல்ல, ஊரிலிருக்கும்போதும் அடகு ஆகும்.

ஆனால் அடகு எதற்காக? கடன் திரும்பி வரும் என்ற உறுதிக்காக. அது ஒரு பிடிமானம். கடன் கொடுத்தவருக்கு வருமானம் தேடித் தருவதற்காக அடகு ஏற்படவில்லை. வீடு அடகிலிருந்தாலும் வீடு வீட்டுக்காரருடையதே. அதன் பலனும் அவருடையதே. 

வட்டி எங்கே நுழைகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஆறு இலட்சம் ரூபாய்க்கு மூன்று ஆண்டு ஒத்தியில் ஒரு வீட்டைப் பிடிக்கிறார். அதே தெருவில், அதே போன்ற வீட்டுக்கு மாத வாடகை 5,000 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வாடகை அவருக்கு மிச்சமாகிறது. மூன்று ஆண்டில் 1,80,000 ரூபாய். அதன்பின் ஆறு இலட்சமும் முழுமையாகக் கைக்கு வருகிறது. அப்படியானால் அவர் ஆறு இலட்சம் கடன் கொடுத்து, ஏழு இலட்சத்து எண்பதாயிரம் பெறுமானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார். வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து! ரூபாய் நோட்டாக எண்ணி வாங்கினால் வட்டி என்று நமக்குத் தெரிகிறது. அறையும் அடுக்களையும் முற்றமுமாக வாங்கினால் தெரியவில்லை.

இதனை ஆலிம்கள் மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 58-வது பிரிவில் இந்த அனுபோக அடமானத்தை வரையறுக்கிறது. அடமானம் பிடித்தவர் அச்சொத்தின் வாடகையையும் பலனையும் எடுத்துக்கொண்டு அதனை வட்டிக்கு ஈடாக வைத்துக் கொள்ளலாம். அல்லது அசலில் கழித்துக் கொள்ளலாம். அல்லது பாதி இதற்கும் பாதி அதற்குமாக வைத்துக் கொள்ளலாம் என்பது அதன் கருத்து. உலகச் சட்டம் எழுதியவர்கள் ஒளிவு மறைவின்றி வட்டி என்றே பெயரிட்டார்கள். நாம்தான் வட்டியில்லை என்று சொல்லிக் கொள்கிறோம். (அதே பிரிவில் அசலில் கழிப்பது என்று ஒரு வழி சொல்லப்பட்டிருப்பதை வாசகர்கள் மனதில் குறித்துக் கொள்ளட்டும். அது பின்னால் நமக்குப் பயன்படும்.)

இமாம்கள் என்ன சொல்கிறார்கள்?

கடனைக் காரணமாக வைத்துப் பலன் பெறுவதை ஸஹாபாக்கள் எவ்வளவு அஞ்சினார்கள் என்பதற்கு ஒரு செய்தி போதும். மதீனாவுக்கு வந்த அபூபுர்தா (ரஹ்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், வட்டி மலிந்த நாட்டில் நீர் வாழ்கிறீர். உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ வாற்கோதுமையையோ கால்நடைத் தீவனத்தையோ அன்பளிப்பாகத் தந்தால்கூட வாங்காதீர், அதுவும் வட்டியே என்ற கருத்தில் எச்சரித்தார்கள். புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. ஒரு சுமை வைக்கோலுக்கே இந்தப் பேச்சு என்றால், மூன்று ஆண்டு ஒரு முழு வீட்டுக்கு என்ன பேச்சு?

நமது மாவட்டத்தில் ஷாஃபிஈகளும் இருக்கிறார்கள், ஹனஃபீகளும் இருக்கிறார்கள். ஆகையால் இரண்டு மத்ஹபையும் பார்ப்போம்.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஷாஃபிஈ நூலான, பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முஈன், கடன் கொடுத்தவருக்குப் பலன் தரும் நிபந்தனையோடு கொடுக்கப்படும் கடன் செல்லாது என்றும், அது கடன் வகை வட்டி என்றும் விளக்குகிறது. கடனுக்காக வேண்டி வாடகையை ஏற்றி இறக்கிப் பேசுவதும் ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வந்தால் ஹராம். நிபந்தனையாகப் பேசாமல் தற்செயலாக நடந்தால் ஷாஃபிஈகளிடம் மக்ரூஹ். வேறு பல அறிஞர்களிடம் அதுவும் ஹராம்.

ஹனஃபீ நூல்களில், சொந்தக்காரர் அனுமதித்தால் அடகுப் பொருளை அனுபவிக்கலாம் என்று ஒரு சொல் காணப்படுகிறது. ஒத்தியை நியாயப்படுத்துவோர் இதனைத்தான் பிடித்துக் கொள்கிறார்கள். ஆனால் பிற்கால ஹனஃபீ மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இந்த இடத்தில் நம்மை நிறுத்துகிறார்கள். இக்காலத்து மக்கள் பலனை எதிர்பார்த்தே பணம் கொடுக்கிறார்கள். பலன் இல்லையென்றால் கொடுக்கவே மாட்டார்கள். ஊர் வழக்கமாகிவிட்ட ஒன்று வாயால் நிபந்தனையிட்டதற்குச் சமம். ஆகவே அனுமதி இருந்தும் ஆகாது என்பது அவர்களின் விளக்கம். நம் ஊர் ஒத்தியிலோ நிபந்தனை வழக்கமாக மட்டும் இல்லை, முத்திரைத்தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது!

புகாராவிலும் சமர்கந்திலும் முற்கால ஹனஃபீ அறிஞர்கள் சிலரும், ஹளரமவுத்தின் ஷாஃபிஈ அறிஞர்கள் சிலரும், விலை திரும்பக் கொடுத்தால் பொருளைத் திருப்பித் தருவேன் என்ற வாக்குறுதியோடு நடக்கும் ஒருவகை விற்பனையைத் தேவை கருதி அனுமதித்ததுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் பேசியது விற்பனை. நம் ஒத்தியில் யாரும் எதையும் விற்கவில்லை. பத்திரமும் ஒத்தி என்றே சொல்கிறது. மேலும் 1992-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி அந்த வகை விற்பனையையும் ஆராய்ந்து, அது உண்மையில் பலனை இழுத்துவரும் கடனே, எனவே கூடாது என்று தீர்மானித்தது.

சில ஐயங்கள்

"வீட்டுக்காரர் மனம் விரும்பித்தானே தருகிறார்?" என்று கேட்பார்கள். வட்டிக்கு வாங்குபவனும் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறான். மனம் ஒப்புவது ஹராமை ஹலாலாக்காது. ஒத்தி வைப்பவர்களில் எத்தனை பேர் விரும்பி வைக்கிறார்கள்? மகளின் கல்யாணம், மகனின் விசா, ஆஸ்பத்திரிச் செலவு, பழைய ஒத்தியை மீட்கப் புதிய ஒத்தி என்று நெருக்கடியில் வைப்பவர்களே அதிகம். நெருக்கடியில் தலையாட்டுவதை விருப்பம் என்று சொல்லலாமா?

"அவரும் என் பணத்தை வைத்துத் தொழில் செய்து இலாபம் பார்க்கிறாரே?" என்பது மற்றொரு கேள்வி. தொழிலில் பங்காளியாக விரும்பினால் இலாபத்தோடு நஷ்டத்திலும் பங்கேற்க வேண்டும். ஒத்திக்காரர் நஷ்டத்தில் ஒரு காசும் ஏற்பதில்லை. அசலும் பத்திரம், பலனும் பத்திரம். வியாபாரத்திற்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாடே இதுதான். இரண்டும் ஒன்றே என்று வாதிட்டவர்களை அல்பகரா 275-வது வசனம் எப்படிக் கண்டிக்கிறது என்பதை ஓதிப் பார்க்கவும்.

"வீட்டைப் பழுது பார்த்து, வரி கட்டி நான்தானே பார்த்துக் கொள்கிறேன்?" என்றும் சொல்வர். அடகு வைக்கப்பட்ட சவாரிப் பிராணிக்குத் தீனி போடுபவர் அந்தச் செலவுக்கு ஈடாக அதில் ஏறிச் செல்வதும் பால் கறந்து கொள்வதும் பற்றிய ஹதீஸ் உண்டு. ஹன்பலீ மத்ஹபினர் அதனை எடுத்துக்கொண்டாலும், செலவின் அளவுக்கே பலன் என்று வரையறுத்தார்கள். வருடம் ஐந்நூறோ ஆயிரமோ வீட்டுவரி கட்டிவிட்டு அறுபதினாயிரம் பெறுமானத்தை அனுபவிப்பதற்கு அதில் இடமில்லை. தீனி கேட்பதற்கு வீடு பிராணியுமல்ல.

"சரி, பேருக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை வைத்துக் கொண்டால்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஐந்து இலட்சம் அட்வான்ஸ், ஐந்நூறு வாடகை என்று எழுதுவது சட்டையை மாற்றுவதே ஒழிய ஆளை மாற்றுவதல்ல. பெரிய தொகையைக் கடனாகக் கொடுத்ததற்காகவே 4,500 ரூபாய் குறைக்கப்பட்டது. கடனையும் கொடுக்கல் வாங்கலையும் ஒன்றோடொன்று பிணைப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதனை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்கும் இருவர் ஆகிய எல்லோரும் பாவத்தில் சமம் என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார், ஒரு கையெழுத்துத்தானே என்று ஒத்திச் சீட்டில் சாட்சி போடுபவர்கள் யோசிக்க வேண்டும். தரகு பேசுவோரும் அப்படியே.

துன்யாவிலும் ஆபத்துண்டு

வீட்டுக்காரர் வாங்கிய பணம் பெரும்பாலும் செலவாகிவிடுகிறது. தவணை முடிந்ததும் அடுத்த ஒத்திக்காரர் வந்து பணம் தந்தால்தான் முதல் ஒத்திக்காரருக்குக் கிடைக்கும். அவர் வரவில்லையென்றால்? தென்கொரியாவில் 'ஜொன்சே' என்ற பெயரில் ஏறத்தாழ இதே முறை பெரிய அளவில் நடக்கிறது. வீட்டு விலையில் பாதிக்கு மேற்பட்ட தொகையைக்கூட முன்பணமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டு ஆண்டு குடியிருப்பார்கள். 2022-ஐ ஒட்டி அங்கே வீட்டு விலை சரிந்தபோது ஏராளமான குடும்பங்களுக்கு முன்பணம் திரும்பவில்லை. மோசடிகளும் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-இல் அந்நாடு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நம்மிடம் வேறொரு குறையும் உண்டு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்டு, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது. நம்மவர்களோ முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்தச் சாதாரண முத்திரைத்தாளில் எழுதிக் கொள்கிறார்கள். அதே வீடு வங்கிக்கடனிலும் இருந்தால், பதிவில்லாத அந்தத் தாள் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, கடனை எழுதிவைத்துச் சாட்சி ஏற்படுத்துவதைப் பற்றியது. அல்பகரா 282-வது வசனம் அது. அதைக் கிராஅத்தாக மட்டும் ஓதிவிட்டுப் போகிறோம்.

ஆகுமான வழிகள்

ஹராம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போவது ஆலிமின் வேலையல்ல. அல்லாஹ் ஒரு கதவை மூடியிருந்தால் பல கதவுகளைத் திறந்தே வைத்திருக்கிறான்.

முதல் வழி, நேரான வாடகை. ஷரீஅத்தில் இதற்கு 'இஜாரா' என்று பெயர். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு ஆண்டு வேலைக்கு ஒப்புக்கொண்ட வரலாறு அல்கஸஸ் அத்தியாயத்தில் வருகிறது. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். உழைப்புக்குக் கூலி ஆவது போல வீட்டின் பலனுக்கும் கூலி ஆகும். இதில் உறுதித் தொகையாகச் சிறிய அட்வான்ஸ் வாங்குவதில் குற்றமில்லை. வாடகை குறைவதற்கு அது காரணமாகக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, முழுக் காலத்து வாடகையையும் முன்கூட்டியே பெறுவது. வீட்டுக்காரருக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். மாதம் 5,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 1,80,000. மொத்தமாகத் தருவதால் 1,60,000 என்று ஒப்பந்தத்தின்போதே இருவரும் பேசி முடித்தால் அதுவே அந்த வீட்டின் வாடகை. பணம் வீட்டுக்காரருடையதாகிவிட்டது, திருப்பித் தர வேண்டியதில்லை. குடியிருப்பவர் இடையில் காலி செய்ய இருவரும் சம்மதித்தால் மீதிக் காலத்துக்குரிய தொகையைக் கணக்குப் பார்த்துத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது வழி, அசலில் கழிக்கும் ஒத்தி. முன்னே குறித்துக் கொள்ளச் சொன்னது இதைத்தான். ஆறு இலட்சம் கடன் இருக்கட்டும். வீடு அடகாகவும் இருக்கட்டும். ஆனால் குடியிருப்பதற்குத் தெருவின் நியாயமான வாடகையாகிய 5,000 ரூபாய் மாதந்தோறும் கடனில் கழியட்டும். மூன்று ஆண்டு முடிவில் 1,80,000 கழிந்து, வீட்டுக்காரர் 4,20,000 திருப்பினால் போதும். கடன் தனி, வாடகை தனி என்று இரண்டையும் தனித்தனியே எழுதிக் கொள்ள வேண்டும். இதில் ஒத்திக்காரருக்கு இலாபமில்லையே என்று தோன்றலாம். இலாபத்துக்காகக் கொடுத்தால் அது கடனல்ல. அழகிய கடனுக்கு இலாபம் தருபவன் அல்லாஹ்.

நான்காவது வழி, பங்கு. இலாபமே நோக்கமென்றால் அதற்கும் வழியுண்டு. பணம் தேவைப்படும் வீட்டுக்காரர் வீட்டில் மூன்றில் ஒரு பங்கை முறைப்படி விற்றுவிடட்டும். வாங்கியவர் அந்தப் பங்குக்கு உண்மையான சொந்தக்காரர். வீட்டை வாடகைக்கு விட்டால் வாடகையில் மூன்றில் ஒன்று அவருக்கு. பெரிய பழுது வந்தால் செலவிலும் மூன்றில் ஒன்று. அண்ணன் தம்பிகள், மச்சினன்மார் சேர்ந்து இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விடுவதும் இதே கணக்குத்தான். பங்கையும் செலவையும் எழுதிக் கொண்டால் நாளை வாரிசுகளுக்குள் வழக்கு வராது.

வாடகைக்கு விடுவோர் அறிய வேண்டியவை

வீட்டைக் கட்டி வாடகைக்கு விடுபவரின் சம்பாத்தியம் ஹலாலானது. ஆனால் இஜாராவுக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன.

ஒன்று: எந்த வீடு, எவ்வளவு காலம், எவ்வளவு வாடகை என்பன தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புக்கொண்ட காலத்துக்குள் ஒருதலைப்பட்சமாக வாடகையை ஏற்றக் கூடாது. ஏற்ற விரும்பினால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது பேசிக் கொள்ளலாம்.

இரண்டு: வீட்டைக் குடியிருக்கத் தகுந்ததாக வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் ஒழுகும் ஓட்டை மாற்றுவது, விரிந்த சுவரைக் கட்டுவது அவருடைய செலவு. வாடகை வாங்குவது பலனுக்காக. பலனில்லாத வீட்டுக்கு வாடகையில்லை. 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய வேளையில் கூரை பறிபோன வீட்டில் குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை கேட்பது ஃபிக்ஹுச் சட்டப்படி உரிமையல்ல. அதேபோல வீடு குடியிருப்பவரின் கையில் அமானிதம். அவர் கவனக்குறைவால் உடைத்தவற்றுக்கு அவரே பொறுப்பு. பழக்கத்தால் தேய்வதற்குப் பொறுப்பல்ல.

மூன்று: அட்வான்ஸ் குடியிருப்பவரின் பணம். காலி செய்யும்போது உண்மையான பாக்கியையும் உண்மையான சேதத்தையும் மட்டுமே கழிக்கலாம். வெள்ளையடிக்க, ஆணியடித்த ஓட்டைக்கு என்று ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொள்வது பிறர் பொருளை முறையின்றி உண்பதாகும்.

நான்கு: சாராயக்கடைக்கோ வட்டிக்கடைக்கோ என்று தெரிந்தே கட்டிடத்தைக் கொடுக்கக் கூடாது. மற்றபடி குடியிருக்க வருபவர் முஸ்லிமா அல்லவா என்று பார்க்க வேண்டியதில்லை. அண்டை வீட்டாரின் உரிமை எல்லோருக்கும் பொது.

ஐந்து: நாட்டின் சட்டத்தையும் பேண வேண்டும். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பதிலாகத் தமிழகத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். மூன்று மாத வாடகையே அட்வான்ஸுக்கு அளவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வாடகை பாக்கியென்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதை அது தடுக்கிறது. இதில் எதுவும் ஷரீஅத்துக்கு மாறானதல்ல. எழுதிவைப்பது நாம் முன்னே பார்த்த வசனத்தின் கட்டளையேயாகும்.

ஆறு: கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுப்பது அல்பகரா 280-வது வசனம் காட்டும் பண்பு. விட்டுக் கொடுத்தால் இன்னும் சிறப்பு. கடலுக்குப் போக முடியாத மாதங்களில் மீனவக் குடும்பமும், மழையில் வேலையில்லாத நாட்களில் கொத்தனாரும் வாடகைக்கு எங்கே போவார்கள்?

ஜகாத்துக் கணக்கு

வாடகைக்கு விட்ட வீட்டின் விலைக்கு ஜகாத் இல்லை. அதில் வரும் வாடகை செலவு போக மிஞ்சி, மற்றப் பணத்தோடு சேர்ந்து நிஸாபை எட்டி, ஓர் ஆண்டு நிறைந்தால் நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். பணத்தின் நிஸாபுக்கு நம் நாட்டு உலமாக்கள் பெரும்பாலும் வெள்ளிக் கணக்கையே எடுக்கிறார்கள். 595 கிராம் என்றும் 612 கிராம் என்றும் அதனைக் கணக்கிடுவர்.

ஒத்தியில் கொடுத்த பணத்துக்கு ஜகாத் கொடுப்பவர்களை அபூர்வமாகவே காண்கிறோம். "பணம் என் கையில் இல்லையே!" என்கிறார்கள். அது திரும்பி வரப்போகும் கடன். அத்தகைய கடனுக்கு ஜகாத் உண்டு என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபின் சட்டமும். கைக்கு வருமுன் கொடுப்பதா, வந்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுப்பதா என்பதில்தான் விரிவுண்டு. ஆறு இலட்சத்துக்கு ஆண்டுக்கு 15,000. வருடாவருடம் கொடுத்துவிடுவது எளிது. சேர்ந்துவிட்டால் மனம் இடம் கொடுக்காது. அட்வான்ஸ் தொகையும் குடியிருப்பவரின் கணக்கில் சேர்வதே.

வீட்டுக்காரர் மவுத்தானால் ஒத்தித் தொகை அவர்மீதுள்ள கடன். அதனை அடைத்த பிறகே வாரிசுகள் பங்கு பிரிக்க வேண்டும். ஒத்திக்காரர் மவுத்தானால் அந்தத் தொகை அவருடைய எல்லா வாரிசுகளுக்கும் உரியது. வீட்டில் குடியிருக்கும் மகன் மட்டும் வைத்துக் கொள்ள, கட்டிக் கொடுத்த பெண் மக்களுக்கு இல்லையென்பது அநியாயம்.

இப்போது ஒத்தியில் இருப்பவர்கள்

இதைப் படித்துவிட்டு இன்றே வீட்டைக் காலி செய்து தெருவில் நிற்க வேண்டுமா? வேண்டாம். கணவனை இழந்த பெண் இருக்கிற சிறு தொகையை ஒத்தியில் போட்டுப் பிள்ளைகளோடு ஒதுங்கியிருப்பதை நாம் அறிவோம். அவளை நோக்கி விரல் நீட்டுவது எளிது. வழி காட்டுவதுதான் கடமை.

வீட்டுக்காரரை அழைத்துப் பேசுங்கள். இம்மாதம் முதல் நியாயமான வாடகை இவ்வளவு, அதனைத் தொகையில் கழித்துக் கொள்வோம் என்று இருவரும் எழுதிக் கொள்ளுங்கள். தவணை முடிந்ததும் மீதியைப் பெற்றுக் கொள்ளுங்கள். அசல் உங்களுக்குரியது என்பதை 279-வது வசனம் உறுதிப்படுத்துகிறது. கடந்த காலத்துக்குத் தவ்பா செய்யுங்கள். சட்டம் தெரிந்த பிறகும் அனுபவித்ததற்கு வீட்டுக்காரரோடு கணக்குப் பார்த்துத் தீர்த்துக் கொள்ளுங்கள். இதன் விவரங்களை உங்கள் மஹல்லா ஆலிமிடம் நேரில் கேட்டுக் கொள்வது நல்லது. ஒவ்வொருவர் நிலையும் ஒன்றல்ல.

வசதியுள்ளவர்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒத்தி ஏன் இவ்வளவு வேரூன்றியது? அழகிய கடன் கொடுப்பவர் இல்லாததால். ஒரு வீட்டின் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ இரண்டு இலட்சம் வட்டியில்லாமல் கொடுக்க ஒரு மஹல்லாவில் பைத்துல்மால் இருந்தால், இருக்கிற ஒரே வீட்டை எத்தனை பேர் ஒத்தி வைப்பார்கள்? ஆடம்பரக் கல்யாணத்தை நாமே குறைத்துக் கொண்டால் இன்னும் எத்தனை வீடுகள் தப்பும்? ஒருபக்கம் ஒத்தி கூடாதென்று மிம்பரில் முழங்கிவிட்டு, மறுபக்கம் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அந்த முழக்கத்தில் என்ன பயன்?

வாடகைக்கு விடுபவர் நியாயமான வாடகை வாங்கட்டும். குடியிருப்பவர் குறித்த நாளில் கொடுக்கட்டும். கடன் கொடுப்பவர் அல்லாஹ்வுக்காகக் கொடுக்கட்டும். வாங்கியவர் தவணை தவறாமல் திருப்பட்டும். இந்த நான்கும் நடந்தால் நம் தெருவில் ஒத்திச் சீட்டுக்கு வேலை இருக்காது.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் ஹலாலான உணவையும் ஹலாலான நிழலையும் தந்து, வட்டியின் வாடையிலிருந்தும் நம்மைக் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.